திரையில் மறைந்தது மரத்தில் மறையாது

“பார்க்க நல்லாத்தானே இருக்கு, அப்படியே ஓட்டிடுங்க சார்.” லேசர் பட்டறையில் கோப்புகளைச் சரிபார்க்கும் மேசையில் உட்கார்ந்த இத்தனை ஆண்டுகளில் நான் அதிகம் கேட்ட பேச்சு இதுதான். வாடிக்கையாளர் சொன்னால் புரிந்துகொள்ளலாம். அவருக்குப் படம்தான் தெரியும். படம் வரைந்து கொடுத்த டிசைனரும் இதையே சொல்கிறார். கோரல்டிரா படித்துவிட்டு வேலை கேட்டு வரும் பிள்ளைகளும் இதையே சொல்கிறார்கள். மெஷின் விற்க வருகிறவர்கள், “எந்த ஃபைல் போட்டாலும் எடுத்துக்கும்” என்று இதையே வேறு விதமாகச் சொல்கிறார்கள். தொழிலில் ஊறிப்போன கருத்து இது. அதன் முழு வடிவம் இப்படி: திரையில் படம் சரியாக இருந்தால் கோப்பும் சரி, ஒரு வடிவத்துக்குக் கீழே இன்னொன்று ஒளிந்திருந்தால் அது தெரியப்போவதில்லை, கெடுதலும் இல்லை, அப்படியே ஏதாவது வந்தாலும் ஒரு பட்டனில் போய்விடும், இல்லையென்றால் ஆப்பரேட்டர் பார்த்துக்கொள்வார்.

இதில் ஒரு துண்டுகூட முழு உண்மை இல்லை என்பது என் கட்சி.

கல்யாணப் பரிசுக்காகத் தேக்குப் பலகையில் ஒரு மயில் பொறிக்க வேண்டியிருந்தது. வரைந்தவர் கெட்டிக்காரர். விரித்த தோகையில் மூன்று அடுக்கு இறகுகள், ஒவ்வொன்றிலும் கண். அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் படர்ந்திருந்த அழகைத் திரையில் பார்த்தபோது அசந்துபோனேன். அவர் செய்த வழி எல்லோரும் செய்வதுதான். ஓர் இறகை முழுதாக வரைந்து, வெள்ளை நிறம் நிரப்பி, நகலெடுத்து, திருப்பித் திருப்பி அடுக்கியிருந்தார். மேல் இறகின் வெள்ளை கீழ் இறகின் பாதியை மூடிக்கொண்டது. வேலை ஓடிய அன்று நான் ஊரில் இல்லை. பட்டறைப் பையன் கோப்பைத் திறந்தான், நன்றாக இருந்தது, ஓட்டினான். பலகையில் மயிலுக்குப் பதில் ஒரு வலை வந்திருந்தது. ஒவ்வோர் இறகும் தன் முழு வடிவத்தோடு எரிந்திருந்தது. இறகுகள் சேரும் இடமெல்லாம் கோடுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு, தோகையின் அடிப்பகுதி கருகிய திட்டாகக் கிடந்தது. கழுத்துக்கு நடுவே, பின்னால் இருந்த இறகின் காம்பு ஓடியது. தேக்கில் எரிந்த கோட்டை அழிக்க முடியாது. பலகையை இழைத்துத்தான் எடுக்க வேண்டும். இழைத்தோம், மறுபடி போட்டோம். வரைந்தவர் தன் திரையைக் காட்டி, “என் ஃபைல் சரியாத்தானே இருக்கு” என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அவர் திரையில் அது சரியாகத்தான் இருந்தது.

திரை ஏன் அப்படிக் காட்டுகிறது? நாம் பயன்படுத்தும் வரைகலை மென்பொருள்கள் அச்சை மனத்தில் வைத்துப் பிறந்தவை. ஜான் வார்னாக்கும் சார்லஸ் கெஷ்கியும் 1982-இல் தொடங்கிய அடோபி நிறுவனம் 1984-இல் போஸ்ட்ஸ்கிரிப்ட் மொழியை வெளியிட்டது. வண்ணம் பூசுவதுதான் அதன் அடிப்படை எண்ணம். ஒரு வடிவத்தைப் பூசு. அதன்மேல் அடுத்ததைப் பூசு. பிந்தியது முந்தியதை மூடும். 1987-இல் வந்த இல்லஸ்டிரேட்டர், 1989-இல் வந்த கோரல்டிரா, 2001-இல் தரமாக ஏற்கப்பட்ட எஸ்விஜி, எல்லாம் இதே வழியில் வந்தவை. தாளில் மை பதிக்கும் வேலைக்கு இதைவிடப் பொருத்தமான வழி கிடையாது. கடைசியில் தாளின் ஒவ்வொரு புள்ளியிலும் விழப்போவது ஒரு நிறம்தான். எது மேலே இருக்கிறதோ அதன் நிறம். கீழே பத்து வடிவம் புதைந்திருந்தாலும் அச்சு இயந்திரத்துக்குக் கவலையில்லை.

லேசருக்குக் கவலை உண்டு, ஏனென்றால் அது பூசுவதில்லை. மகாராஷ்டிரத்தின் பாராமதியில் பிறந்த குமார் படேல் 1964-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் உருவாக்கிய கார்பன் டை ஆக்சைடு லேசர்தான் இன்று நம் ஊர்ப் பட்டறைகளில் மரமும் அக்ரிலிக்கும் வெட்டுகிறது. அதன் கதிர் 10.6 மைக்ரோமீட்டர் அலைநீளம் கொண்டது, கண்ணுக்குத் தெரியாதது. மரமும் அக்ரிலிக்கும் தோலும் அதை உறிஞ்சிக்கொண்டு, விழுந்த இடத்தில் ஆவியாகின்றன அல்லது கருகுகின்றன. எரி, எரியாதே என்ற இரண்டும்தான் அந்தக் கதிருக்குச் சொல்ல முடிந்தவை. எவ்வளவு எரி என்பதை வேகத்தாலும் பவராலும் சொல்லலாம். வெள்ளை என்று ஒரு கட்டளை கிடையாது. எரித்ததை மூடும் மையும் கிடையாது. வெள்ளை நிரப்பிய இறகைக் கோடாகப் பொறிக்கச் சொன்னால் வெள்ளை உதிர்ந்துபோய் எல்லைக்கோடு மட்டும் மிஞ்சுகிறது. அங்கே மேல், கீழ் என்ற அடுக்கே இல்லை. எல்லாக் கோடும் ஒரே தளத்தில் கிடக்க, மெஷின் ஒவ்வொன்றின் மீதும் நடந்து போகிறது.

இதைப் புரிந்துகொள்ளக் கணினிக்கே போக வேண்டாம். பாத்திரக் கடையில் சீர் சாமான் வாங்கும்போது எவர்சில்வர் குடத்தில் பேர் வெட்டித் தருகிறவரைப் பார்த்திருப்பீர்கள். முன்பு சிறு உளியும் சுத்தியலும், இப்போது அதிரும் மின்சார ஊசி. கேட்டால் பேருக்குப் பக்கத்தில் ஒரு பூவும் போடுவார். இதழ்மேல் இதழ் ஏறிய பூவை அவர் வெட்டும்போது, பின் இதழின் கோடு முன் இதழைத் தொட்டதும் கை நின்றுவிடும். முழு இதழையும் வெட்டிவிட்டு அப்புறம் மூடிக்கொள்ளலாம் என்று அவருக்குத் தோன்றவே தோன்றாது. உலோகத்தில் மூட வழியில்லை என்பது அவர் கைக்குத் தெரியும். லேசர் அந்த உளியின் வாரிசு. கணினியோடு இணைத்து, பிரிண்ட் கொடுப்பதுபோல் வேலை கொடுக்கிறோம் என்பதால் நம் தொழில் அதை பிரிண்டரின் தம்பியாக எண்ணிவிட்டது. ரேடியம் ஸ்டிக்கர் வெட்டும் பிளாட்டர் கடைக்காரர்கள் இந்த விஷயத்தில் நம்மைவிட விவரமானவர்கள். அவர்களுடைய கத்தி மறைந்த கோட்டிலும் இறங்கும், ஸ்டிக்கர் துண்டுதுண்டாகும் என்று முதல் வாரத்திலேயே அடிபட்டுத் தெரிந்துகொள்கிறார்கள்.

“கோடாகப் போட்டால்தானே இந்தத் தொல்லை, உள்ளே நிரப்பிப் பொறித்தால் மறைந்துவிடுமே” என்பார்கள். கோப்பில் ஒளிந்த வடிவம் அங்கே வேறு விதமாகப் பழிவாங்கும். லைட்பர்ன் போன்ற லேசர் மென்பொருள்கள் உட்பகுதியை ஒற்றை இரட்டைக் கணக்கில் நிரப்புகின்றன. ஓர் இடம் எத்தனை எல்லைக்கோடுகளுக்கு உள்ளே இருக்கிறது என்று எண்ணி, ஒற்றைப்படையானால் எரிக்கும், இரட்டைப்படையானால் விட்டுவிடும். ‘ஒ’வின் சுழி வெறுமையாக நிற்பது இந்த விதியால்தான், நல்ல விதி. ஆனால் இரண்டு இறகுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால், ஏறிய பகுதி இரட்டை. அது எரியாமல் விடப்படும். மூன்று ஏறினால் மறுபடி எரியும். முழு வட்டங்களை வரிவரியாக அடுக்கி மீன் செதில் போல ஆக்கிய கோப்பை இப்படி ஓட்டிப் பாருங்கள். செதிலுக்குப் பதில் கறுப்பும் வெளுப்புமாக மாறி மாறி இதழ்கள் கிடைக்கும். எவர்சில்வரில் மார்க் போடும் ஃபைபர் லேசர்களில் பரவலாக உள்ள ஈஸிகேட் மென்பொருளில், எல்லா வடிவங்களையும் சேர்த்துக் கணக்கிடச் சொல்லாவிட்டால் ஒவ்வொன்றும் தனித்தனியே நிரம்பும். ஏறிய பகுதியில் கதிர் இரண்டு முறை ஓடி, ஆழமும் நிறமும் அங்கே மட்டும் வேறாகும்.

நம் எழுத்திலேயே இதற்கு நல்ல சாட்சி இருக்கிறது, அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் இன்னும் டிடிபி கடைகளில் உயிரோடு இருக்கின்றன. அவற்றில் டி, டீ போன்ற சிலவற்றுக்குத் தனி வடிவம் உண்டு. கி, தி, மி, லி போன்றவற்றில் மெய்யின் உருவம் ஒரு துண்டு, மேலே வளைந்து இறங்கும் மேல்விலங்கு இன்னொரு துண்டு. மேல்விலங்கின் அடி மெய்யின்மேல் கொஞ்சம் ஏறி உட்காரும். தாளில் இரண்டும் கறுப்பு, ஆகவே ஒட்டு தெரியாது. அதே எழுத்தைக் கர்வாக, அதாவது வளைகோடாக, மாற்றி, ‘சாந்தி’ என்று கீசெயினாக வெட்டச் சொல்லுங்கள். மெய்யின் எல்லைக்கோடு முழுதாக வெட்டப்படும். மேல்விலங்கின் எல்லைக்கோடும் முழுதாக வெட்டப்படும். ஒட்டிய இடம் சிறு செதிலாகக் கழன்று விழும். மேல்விலங்கு தனியே விழும். கையில் ‘சாந்த’ மிஞ்சும். நிரப்பிப் பொறித்தால் ஒட்டிய இடத்தில் எரியாத ஒரு வெள்ளைப் பொட்டு நிற்கும். வாடிக்கையாளர் அதை மரத்தின் குறை என்று நினைப்பார்.

ஒருங்குறி எழுத்துருவுக்கு மாறினால் எல்லாம் தீர்ந்துவிடாது. ஒரே எழுத்துக்குள்ளேயே ஒன்றன்மேல் ஒன்று ஏறிய வளைகோடுகளை வைத்து வரையும் வழக்கம் எழுத்துரு வடிவமைப்பில் உண்டு. திரையில் எழுத்தை நிரப்பும் விதி கோடு சுற்றும் திசையைப் பார்ப்பது. ஒரே திசையில் சுற்றும் இரண்டு வளையங்கள் ஏறினாலும் அது கெட்டியாகவே காட்டும். லேசர் மென்பொருளின் ஒற்றை இரட்டைக் கணக்குக்கு வந்ததும் அந்த இடம் ஓட்டையாகிவிடும். இதைச் சரிசெய்ய எழுத்தைப் பிரித்து, ஏறிய பகுதிகளை ஒன்றாக இணைத்து, அதாவது வெல்ட் செய்து, பிரித்ததால் கெட்டியாகிப்போன சுழிகளை மறுபடி ஓட்டையாக்க வேண்டும். ஓர் எழுத்துக்கு நிமிடக்கணக்கில் போகும் வேலை. ஆனால் இதைச் செய்யாமல் கொடுத்த கோப்பை ‘எழுத்து’ என்று சொல்லவே எனக்கு மனம் வராது. அது எழுத்தின் சாயல்.

இன்னொரு வகை மறைவு உண்டு, அது பலகையில்கூடத் தனிக் கோடாகத் தெரியாது. ஒரு வடிவத்தை நகலெடுத்து, நகரவிடாமல் அதே இடத்தில் விட்டுவிடுவது. திரையில் ஒரு கோடு, கோப்பில் இரண்டு. மெஷின் அதன்மேல் இரண்டு முறை போகும். 3 மி.மீ. அக்ரிலிக்கில் முதல் நடையில் கண்ணாடிபோல் வந்த விளிம்பு இரண்டாம் நடையில் உருகித் திரளும், சில நேரம் தீப்பிடிக்கும். எம்டிஎஃப்பில் முதல் நடையிலேயே சிறு துண்டு கீழே சாய்ந்துவிட்டால், இரண்டாம் நடைக் கதிர் சாய்ந்த துண்டின் முகத்தில் விழுந்து கோடு போடும். இரண்டு நிற அடுக்குள்ள பெயர்ப்பலகை ஷீட்டில் மேலடுக்கை மட்டும் எடுக்க வேண்டிய கதிர், இரட்டை நடையில் உள்ளடுக்கையும் தோண்டும்.

காசுக் கணக்கும் இருக்கிறது. ஜாப் ஒர்க்கில் மெஷின் ஓடிய நிமிடத்துக்கு இவ்வளவு என்றுதான் வாங்குகிறோம். ஒரு மெமெண்டோ கோப்பில் இரண்டு மீட்டர் நீளத்துக்கு மறைந்த கோடு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இறகும் பூவும் உள்ள கோப்பில் இது பெரிய நீளமே அல்ல. நொடிக்கு 20 மி.மீ. வேகத்தில் ஓடினால் அந்தக் கோட்டுக்கு மட்டும் 100 நொடி. பள்ளி ஆண்டு விழாவுக்கு 200 மெமெண்டோ என்றால் 20,000 நொடி, அதாவது ஐந்தரை மணி நேரம். வேண்டாத கோட்டை, கெடுதலாக, ஐந்தரை மணி நேரம் எரித்து, அதற்கு நாம் காசும் வாங்குகிறோம். மணிக்கணக்கில் ஆயுள் எண்ணப்படும் லேசர் டியூபும் அந்த அளவு தேய்கிறது. வாடிக்கையாளருக்கு இது தெரியாது. தெரியாது என்பதாலேயே இது நம் பொறுப்பாகிறது.

இனி, “அதுக்கெல்லாம் ஒரு பட்டன் இருக்கே” என்ற வாதத்துக்கு வருகிறேன். மற்றவற்றைவிட இது வலுவானது, ஏனென்றால் பாதி உண்மை. கோரலில் வெல்ட், டிரிம், சிம்ப்ளிஃபை இருக்கின்றன. இல்லஸ்டிரேட்டரின் பாத்ஃபைண்டரில் டிரிம், மெர்ஜ் இருக்கின்றன. இங்க்ஸ்கேப்பில் 2023-இல் வந்த 1.3 பதிப்பு முதல் மறைந்த பகுதிகளைக் களையும் ஃபிளாட்டன் இருக்கிறது. இவற்றை நான் நாள்தோறும் பயன்படுத்துகிறேன். இவை இல்லாத காலத்துக்குத் திரும்ப எனக்கு விருப்பமில்லை. ஆனால் எந்த இடத்தில் எதை என்று பட்டனுக்குத் தெரியுமா?

கீசெயின் எழுத்துக்கு வெல்ட் சரியான மருந்து. அதே வெல்ட்டை மயிலுக்குக் கொடுத்தால் எல்லா இறகும் கரைந்து, வெளி விளிம்பு மட்டும் மிஞ்சும். இல்லஸ்டிரேட்டரின் மெர்ஜ் மறைந்ததை நீக்கும். கூடவே ஒரே நிறமுள்ள, தொட்டுக்கொண்டிருக்கும் வடிவங்களை ஒன்றாக்கிவிடும். மயிலின் இறகுகள் எல்லாம் வெள்ளை. அப்படியானால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. டிரிம் இறகுகளைத் தனித்தனியாக வைத்திருக்கும், ஆனால் அவற்றின் எல்லைக்கோட்டு அலங்காரத்தை நீக்கிவிடும். அதை மறுபடி கொடுக்க வேண்டும். கொடுத்த பிறகுதான் உண்மையான சிக்கல் தலைகாட்டும். மேல் இறகு எங்கே முடிகிறதோ அங்கேதான் வெட்டப்பட்ட கீழ் இறகு தொடங்குகிறது. அந்த விளிம்பு இப்போது இரண்டு இறகுக்கும் சொந்தம். மறைந்த வடிவத்தை ஒழித்த அதே செயல், ஒவ்வொரு விளிம்பையும் இரட்டைக் கோடாக்கிவிட்டது. கோரலின் சிம்ப்ளிஃபைக்கும் இதே கதைதான். லைட்பர்னில் ஒன்றன்மேல் ஒன்று படிந்த கோடுகளை விலக்கும் வசதி இருக்கிறது, அது உதவும். ஆனால் அப்படி ஒன்று தேவை என்று தெரிந்தவருக்குத்தானே உதவும்?

நிறம் நிரப்பாமல் வெறும் கோடாக வரைந்தவை இன்னும் கடினம். ஒரு கோட்டுக்கு உட்பகுதி இல்லை. ஆகவே அது எதையும் மறைப்பதாக மென்பொருள் எண்ணாது. யானையின் முன்கால் பின்காலை மறைக்கிறது என்பது பார்க்கிற மனிதருக்குத் தெரியும். கோப்பில் அவை குறுக்காகச் செல்லும் இரண்டு கோடுகள், அவ்வளவே. எது முன், எது பின் என்ற செய்தி கோப்பில் எங்கேயும் எழுதப்படவில்லை. எழுதப்படாததை எந்தப் பட்டனும் படிக்க முடியாது.

கணினி வரைகலையின் முதல் நாட்களிலிருந்தே இது கடினமான கேள்வி என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். மறைந்த கோட்டை நீக்கும் முறை ஒன்றை லாரன்ஸ் ராபர்ட்ஸ் 1963-இல் எம்ஐடியில் தன் முனைவர் பட்ட ஆய்வில் கொடுத்தார். இணையத்தின் முன்னோடியான அர்பாநெட்டைப் பின்னாளில் கட்டியெழுப்பியவர்களில் முக்கியமானவர் அவர். 1974-இல் ஐவன் சதர்லாண்ட், ராபர்ட் ஸ்பிரவுல், ராபர்ட் ஷூமேக்கர் மூவரும் மறைந்த பரப்பைக் கண்டுபிடிக்கும் பத்து முறைகளை ஒப்பிட்டு ஒரு நீண்ட ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். பத்து வழிகள் தேவைப்பட்ட ஒரு கேள்வியை ‘ஒரு பட்டன் சமாசாரம்’ என்று சொல்லும் உரிமை நமக்கு இல்லை. அவர்கள் தீர்த்ததும் வடிவியல் கேள்வியை மட்டுமே. மரத்தில் எது படிக்கும்படி இருக்கும் என்ற கேள்வி அவர்களிடம் இல்லை.

அந்தக் கேள்வியில்தான் மறைந்ததை வெட்டும், அதாவது டிரிம் செய்யும், வேலையின் உயிர் இருக்கிறது. சிக்குக் கோலத்தை நாடாப் பின்னல்போல் ஆக்கி, ஒரு நாடா இன்னொன்றின் மேலும் கீழும் மாறி மாறிப் போவதாகப் பொறிக்கச் சொல்லி அடிக்கடி வேலை வரும். தரையில் போடும் கோலத்தில் கோடுகள் வெறுமனே குறுக்கிடும். மேல் கீழ் என்பது டிசைனர் சேர்ப்பது. கீழ் நாடாவை மேல் நாடாவின் விளிம்பில் துல்லியமாக வெட்டிவிட்டால் கணக்குப்படி சரி. திரையில் அழகு. மரத்தில் எரிந்தால், கதிரின் பருமனும் கருகிப் பரவும் அளவும் சேர்ந்து, கோட்டின் முனை மேல் நாடாவின் விளிம்போடு கலந்து ஒரு கரும்புள்ளியாகிவிடும். நாற்பது குறுக்கீடு உள்ள கோலத்தில் நான்கு மூலையாக நூற்றறுபது கரும்புள்ளிகள். பின்னல் தெரியாது, அழுக்குத் தெரியும். ஆகவே மேல் நாடாவை அப்படியே வெட்டுக்கத்தியாக வைக்காமல், கோரலின் கான்டூர் கருவியால் 0.3 மி.மீ. வெளியே தள்ளிய ஒரு நகலை எடுத்து, அதைக் கொண்டு கீழ் நாடாவை வெட்டுகிறேன். கோடு விளிம்பைத் தொடாமல் மூச்சுவிடும் இடம் விட்டு நிற்கும். அந்தச் சிறு இடைவெளியைக் கண் உடனே “இது கீழே போகிறது” என்று படித்துக்கொள்ளும். தேக்குக்கு 0.3 என்றால், அதிகம் கருகும் பிளைவுட்டுக்குக் கூடுதல், அக்ரிலிக்குக்குக் குறைவு. எந்தப் பலகை, என்ன பவர் என்று தெரியாமல் இந்த எண்ணைச் சொல்ல முடியாது. மறைந்ததை வெட்டுவது துப்புரவு வேலை என்று நினைப்பவர்கள் இங்கேதான் தவறுகிறார்கள். கோடு எங்கே நிற்க வேண்டும் என்று முடிவெடுப்பது வரைதலின் பகுதி. பேர் வெட்டுகிறவரின் கை நிற்கும் அதே இடம்.

படமாக மாற்றிவிடலாம் என்று ஒரு கட்சி இருக்கிறது. கோப்பைப் பிட்மேப்பாக்கி, ஃபோட்டோ பொறிப்பதுபோல் இடவலமாக உழுதுவிட்டால் மறைந்த வடிவம் தானே தொலையும் என்கிறார்கள். இதை ஒப்புக்கொள்கிறேன்: பூசுகிற முறை அங்கே செல்லுபடியாகும், திரையில் தெரிவதே மரத்தில் வரும். நிழலும் சாயலும் உள்ள முகத்துக்கு அதுவே வழி. அங்கே டிரிம் செய்துகொண்டிருப்பது வீண். ஆனால் கோட்டோவியத்துக்கு? 300 மி.மீ. அகலம், 200 மி.மீ. உயரம் உள்ள படத்தை 0.1 மி.மீ. இடைவெளியில் உழுதால் 2,000 நடை. நொடிக்கு 300 மி.மீ. வேகத்தில் நடைக்கு ஒரு நொடி. திரும்பும் நேரத்தைச் சேர்க்காமலே 33 நிமிடம். அதே படத்தின் கோடுகள் மொத்தம் நான்கு மீட்டர் என்றால், கோட்டின் வழியே நொடிக்கு 100 மி.மீ. ஓடினால் 40 நொடி. இந்த வித்தியாசத்தை யார் கட்டுவது? பிட்மேப்பால் எதையும் வெட்டியெடுக்கவும் முடியாது. அதைத் திரும்ப டிரேஸ் செய்து வெக்டராக்கினால், ஒரு கோட்டுக்கு இரு கரையும் தனித்தனிக் கோடாக வந்து, தொடங்கிய இடத்தைவிட மோசமான இடத்தில் நிற்போம்.

கடைசியாக ஆப்பரேட்டர். “அவர் பார்த்துக்கொள்வார்” என்பதைக் கேட்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. மெஷின் பக்கத்தில் நிற்கிறவருக்கு அந்த இறகுகளில் எது முன்னால் என்று எப்படித் தெரியும்? ஃபோகஸ், காற்று, பவர், தீ, புகை, அடுத்த பலகை, இத்தனையையும் கவனிக்கிற மனிதர் அவர். அவரிடம் மறைந்த வடிவத்தையும் ஒப்படைப்பது, வரைந்தவர் தன் முடிவைத் தெரியாத ஒருவர் தலையில் கட்டுவது. பழியும் அங்கேயே விழும். மயில் கெட்ட அன்று வாடிக்கையாளர் திட்டியது பையனைத்தான். வரைந்தவரை யாரும் கேட்கவில்லை.

வரைகிறவர் செய்ய வேண்டியது பெரிய வித்தை ஒன்றுமில்லை. முதலில் வயர்ஃபிரேம் பார்வைக்கு மாறிப் பார்க்க வேண்டும். கோரலில் அதே பெயர், இல்லஸ்டிரேட்டரிலும் இங்க்ஸ்கேப்பிலும் அவுட்லைன். நிறமெல்லாம் போய், லேசர் பார்க்கப்போவது அப்படியே எதிரே நிற்கும். மயிலின் வலை பலகைக்கு வருமுன் அங்கேயே தெரிந்திருக்கும். கோரலின் பவர்கிளிப் சட்டத்துக்குள் ஒளித்து வைத்தவை அதற்கு வெளியே நீட்டிக்கொண்டிருப்பதும், நிறமும் கோடும் இல்லாமல் மறந்துபோன பெட்டிகளும் அப்போதுதான் கண்ணில் படும். பயிற்சி மையங்களில் கோரல்டிரா சொல்லிக்கொடுக்கிறவர்கள் முதல் நாளே இந்தப் பார்வையைக் காட்டினால் எவ்வளவு பலகை மிச்சமாகும்! விசிட்டிங் கார்டும் கல்யாணப் பத்திரிகையும் போடுவதற்கு அது வேண்டாம் என்பதால் கடைசிவரை காட்டுவதில்லை.

நேரமில்லை, இதற்குக் காசு யாரும் தருவதில்லை என்பார்கள். காசு தருவதில்லை என்பது உண்மை, ஏனென்றால் நாம் கேட்டதே இல்லை. “செட்டிங்” என்று மெஷின் விலையோடு சேர்த்துக் கரைத்துவிட்டோம். அதனால் கோப்பைத் திருத்திக் கொடுக்கிறவருக்கும் குப்பையாகக் கொடுக்கிறவருக்கும் ஒரே கூலி. திருத்துகிறவர்தான் மாலையில் தாமதமாக வீட்டுக்குப் போகிறார். எங்கள் பட்டறை பில்லில் இப்போது ‘கோப்புத் திருத்தம்’ என்று தனி வரி போடுகிறோம். யாராவது ஏன் என்று கேட்டால், அவர் கொடுத்த படத்தையும் நாங்கள் திருத்தியதையும் வயர்ஃபிரேமில் பக்கத்தில் பக்கத்தில் திறந்து, இரண்டும் எத்தனை நிமிடம் ஓடும் என்று மென்பொருள் காட்டும் நேரத்தையும் சேர்த்துக் காட்டுகிறேன். பெரும்பாலும் அதற்குமேல் பேச்சு வருவதில்லை. மயில் வரைந்த டிசைனருக்கும் ஒருமுறை அப்படிக் காட்டினேன். அவர் இப்போது அனுப்பும் கோப்புகளுக்கு அந்த வரியில் எதுவும் எழுத வேண்டியிருப்பதில்லை. போன மாதம் வந்த தாமரைக் கோப்பில் இதழ்களுக்கு நடுவே 0.3 மி.மீ. இடைவெளிகூட அவரே விட்டிருந்தார்.